அப்பா எலும்புக் குழம்பு சாப்பிட்ட வெள்ளிக்கிழமை

1

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் மகன் சேவியர் வந்தான். வின்னிபெக்கில் மார்ச் மாதம் வசந்தம் என்பதெல்லாம் நாள்காட்டியில்தான். வாசலில் முழங்கால் அளவுக்குப் பனி கிடந்தது. பூட்ஸைக் கழற்றுவதற்குள்ளேயே சொல்லிவிட்டான்: "நான் சாப்பிட்டு வந்துட்டேம்மா."

நான் கேட்கவே இல்லை. கேட்டிருப்பேன்தான், மதுரைக்காரி கேட்காமல் இருப்பாளா? ஆனால் வாயைத் திறக்க அவன் நேரம் கொடுக்கவில்லை. கேட்காத கேள்விக்கு ஒருவன் பதில் சொல்கிறான் என்றால், அந்தப் பதிலை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறான் என்று அர்த்தம்.

இன்னொன்றும் இருந்தது. சேவியர் லாரி உதிரிபாகம் செய்கிற தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். ஞாயிற்றுக்கிழமை என்றால் அவனுக்கு ஓவர்டைம். மாதத்துக்கு ஒருமுறை போன் பண்ணுவான். பல்வலிக்காரன் முறுக்குத் தின்பதுபோல நாலு வார்த்தை தமிழ் பேசிவிட்டு ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவான். அப்படிப்பட்டவன் பண்டிகையும் இல்லாமல், விசேஷமும் இல்லாமல், ஞாயிற்றுக்கிழமையில் வந்து நிற்கிறான். நின்றவன் என்னைப் பார்க்கவில்லை. அடுப்பைப் பார்த்தான். வயிறு நிறைந்தவன் அடுப்பைப் பார்க்க மாட்டான்.

இந்தப் பொய்யை எனக்கு நன்றாகத் தெரியும். நான் அதோடு ஒரே வீட்டில் வளர்ந்தவள்.

2

எழுபதுகளின் கடைசியில் மதுரையில் வைகைக்கு வடகரையில் ஒரு வளவில் குடியிருந்தோம். வளவு என்றால் தெருவுக்கு ஒரே வாசல், உள்ளே இரண்டு பக்கமும் வரிசையாக வீடுகள், நடுவில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு குழாய். அப்பா சவரிமுத்து பஞ்சு மில்லில் நூற்பு இயந்திரம் ஓட்டினார். அம்மா ஞானம்மாள் எங்களை ஓட்டினாள். நான் மூத்தவள். எனக்கு அடுத்து தம்பி ஆரோக்கியம், அப்புறம் நடக்கப் பழகிக்கொண்டிருந்த ஒரு தங்கை. மாதா கோயில் மணி அடித்தால் கேட்கிற தூரத்தில் வீடு. அந்த மணிக்கு அம்மா கொடுத்த மரியாதையை அப்பா மில் சங்குக்குக் கொடுத்தார். இரண்டுக்கும் நடுவில்தான் எங்கள் பிழைப்பு ஓடியது.

ஒரு நாள் சங்கு ஊதவில்லை. போனஸ் தகராறில் மில்லை மூடிவிட்டார்கள். வாசலில் பெரிய பூட்டு, அதற்கு மேலே ஓர் அறிவிப்புப் பலகை. "ரெண்டு வாரத்துல தொறந்துருவாங்க, பயப்படாத" என்று அப்பா சொன்னார். ஒவ்வொரு வாரமும் அதையே சொன்னார். ஈஸ்டருக்கு முந்தின நோன்பு நாட்களான தபசு காலம் வந்துவிட்டது, பூட்டு அப்படியே இருந்தது.

3

இல்லாத காலத்தில் குடும்பத்துக்குச் சோறு போடுவது எப்படி என்று இந்த ஊர்ப் பத்திரிகைகளில் இப்போது பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். விலைவாசி ஏறிவிட்டதாம். பீன்ஸ் டப்பாவை எப்படியெல்லாம் சமைக்கலாம் என்று ஒரு பெண்மணி விளக்கியிருந்தார். படித்துவிட்டுச் சிரித்தேன். என் அம்மாவை இவர்களிடம் ஒரு வாரம் விட்டிருக்க வேண்டும்.

அம்மா காய்கறி வாங்க, மார்க்கெட் மூடப்போகிற நேரம் பார்த்துத்தான் கிளம்புவாள். சோழவந்தான் பக்கமிருந்து வந்த வாழைத்தண்டு வெயிலில் வாடிக் கிடக்கும். முற்றிப்போன வெண்டைக்காய், முள்ளங்கியை விற்றுவிட்டு ஒதுக்கிய கீரை, அடிபட்ட பூசணிக்கீற்று. "தூக்கித்தான் போடப்போற, என் கூடையில போடு" என்பாள். பிச்சை கேட்கிற குரலே இருக்காது. கடைக்காரருக்கு ஏதோ உபகாரம் செய்கிற மாதிரி இருக்கும். பீர்க்கங்காய் வாங்கினால் தோல் துவையலுக்கு, சதை கூட்டுக்கு. சோறு வடித்த கஞ்சியில் உப்புப் போட்டுக் காலையில் எங்களுக்கு. ரேஷன் அரிசியில் ஒரு மக்கல் வாடை வரும். உலை கொதிக்கும்போது நார்த்தை இலை ஒன்றைக் கிள்ளிப் போடுவாள், வாடை அடங்கிவிடும். நானும் தம்பியும் பள்ளிக்கூடம் விட்டு ஆனையூர்ப் பக்கம் வயல்களில் போய்ப் பண்ணைக்கீரை பறித்துக்கொண்டு வருவோம். இப்போது அங்கே வயலும் இல்லை, கீரையும் இல்லை, வரிசையாக மாடி வீடுகள் என்று கேள்வி.

மடத்துச் சிஸ்டர்கள் கோதுமை ரவையும் பால் பவுடரும் கொடுப்பார்கள். கப்பலில் வந்த கோதுமை. அம்மா அதைச் சந்தேகத்தோடுதான் வாங்குவாள். "இதைத் திங்கிறவுக எப்பிடித்தான் உசுரோட இருக்காகளோ" என்பாள். இன்று நான் குடியிருக்கிற ஊரைச் சுற்றிக் கண்ணுக்கு எட்டிய தூரம் கோதுமைதான். அது இங்கேயிருந்து வந்த கோதுமையாகக்கூட இருக்கலாம் என்று நினைத்துக்கொள்வேன். அம்மாவின் கேள்விக்குப் பதிலாக நானே இங்கு வந்து உயிரோடு இருக்கிறேன்.

ஆனால் எங்கள் வீட்டைக் காப்பாற்றியது கோதுமை அல்ல, சால்னா. மதுரையில் புரோட்டாக் கடைக்குப் பாத்திரம் கொண்டுபோனால், வாங்குகிற புரோட்டாவுக்குத்தான் காசு. சால்னா கேட்கக் கேட்க ஊற்றுவார்கள். அம்மா தம்பியிடம் தூக்குவாளியைக் கொடுத்து, ஒற்றைப் புரோட்டா வாங்கி வரச் சொல்வாள். புரோட்டாவைத் தங்கைக்குப் பிய்த்துப் போட்டுவிட்டு, சால்னாவை ரேஷன் சோற்றில் ஊற்றி நாங்கள் சாப்பிடுவோம். வாரத்துக்கு வாரம் வாளி பெரிதாகிக்கொண்டே போனது. கடைக்கார அண்ணன் ஒரு நாள் கேட்டேவிட்டார்.

"என்ன மாப்ள, வாளி வளந்துக்கிட்டே போகுது?"

"நானும் வளர்றேன்லண்ணே" என்றானாம் தம்பி. அவர் சிரித்துவிட்டு இன்னும் இரண்டு கரண்டி ஊற்றினாராம்.

அந்தச் சால்னாவும் தபசு கால வெள்ளிக்கிழமைகளில் கிடையாது. எங்கள் மதத்தில் அன்றைக்குச் சுத்தபோசனம், கறி மீது பட்ட காற்றுகூட ஆகாது என்று அம்மாவின் கட்சி. ஒரு வெள்ளிக்கிழமை மறந்துபோய்த் தம்பி வாளி நிறையச் சால்னாவோடு வந்து நின்றான். வீட்டில் அன்றைக்குக் கேப்பைக் கூழைத் தவிர ஒன்றுமில்லை. அம்மா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. வாளியோடு கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டுப் பேச்சியம்மா அக்காவிடம் கொடுத்துவிட்டாள். அந்த அக்கா மாரியாத்தாளைக் கும்பிடுகிறவள், அவளுக்குத் தடையில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அவர்கள் சால்னாச் சோற்றை உறிஞ்சுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நாங்கள் கூழ் குடித்தோம். தம்பி அழுதுவிட்டான். அம்மா அதற்கெல்லாம் அசைகிற ஆள் இல்லை.

இத்தனையும் சமைத்துப் போடுகிற அம்மா சாப்பிட்டு நாங்கள் பார்த்ததில்லை. கேட்டால், "ருசி பாத்துப் பாத்தே வயிறு ரொம்பிருச்சு" என்பாள்.

4

இங்கே எந்த அலுவலகத்தில் போய் உட்கார்ந்தாலும் என் அப்பாவைத்தான் கூப்பிடுகிறார்கள். நர்ஸ் வேலைக்கு நான் வந்து இறங்கியபோது குடியேற்ற அதிகாரி குடும்பப் பெயர் கேட்டார். எங்களுக்கு ஏது குடும்பப் பெயர்? இன்ஷியலை விரித்துச் சொன்னேன். அன்றிலிருந்து நான் மிஸ் சவரிமுத்து. கல்யாணம் ஆகியும் அதை மாற்ற முடியவில்லை. மாற்றுவதற்கு இன்னொரு சான்றிதழ் வேண்டும், அந்தச் சான்றிதழுக்கு வேறொரு சான்றிதழ் வேண்டும் என்று அலையவிட்டதில், என் வீட்டுக்காரரே "உங்கப்பா பேரே இருந்துட்டுப் போகட்டும்" என்று சொல்லிவிட்டார். நல்ல மனுஷன், அவரும் போய்ச் சேர்ந்து சில வருஷம் ஆகிவிட்டது. பல் டாக்டர் ஆனாலும் வரி ஆபீஸ் ஆனாலும், "சா...வேரி...மட்டூ?" என்று ஒரு பெண் வாசலில் நின்று தடுமாறும்போது எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். வைகையைத் தாண்டி அதிகம் போகாத மனுஷனை இத்தனை ஆபீசுக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன்.

சேவியருக்கு இந்தக் கதையெல்லாம் தெரியாது. சின்ன வயதில் சொன்னால், "ஓகேம்மா" என்பான். கதைக்கு ஓகே சொல்கிற பிள்ளையிடம் மேற்கொண்டு என்னத்தைச் சொல்வது? தாத்தா மில்லில் வேலை பார்த்தார் என்ற அளவில் தெரியும். அந்தத் தாத்தாவின் பொய்யைத் தன் வாயாலேயே சொல்லிக்கொண்டு வந்து நிற்கிறான் என்பது மட்டும் தெரியாது.

5

மில் மூடியதும் சங்கத்துக்காரர்கள் வாசலில் கஞ்சித்தொட்டி திறந்தார்கள். பெரிய அண்டாவில் கஞ்சி காய்ச்சி, வேலையில்லாமல் நிற்கிறவர்களுக்கு மத்தியானம் ஊற்றுவது. அரிசி மண்டிகளில் கேட்டு வாங்கிய அரிசி, யாராவது கொடுத்த துவையல். அப்பா காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு மில் வாசலுக்குப் போவார். பொழுது சாய வருவார். அம்மா தட்டு வைத்தால், "அங்கேயே நல்லா ஊத்துனாய்ங்க. வயிறு திம்முனு இருக்கு, பிள்ளைகளுக்குப் போடு" என்பார். முதலில் அது உண்மைதான்.

மண்டிக்காரர்கள் எத்தனை நாளைக்குத்தான் கொடுப்பார்கள்? மிஷன் பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் மில் வாசலைத் தாண்டித்தான் நான் போக வேண்டும். ஒரு நாள் மத்தியானம் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது பார்த்தேன். அண்டா கவிழ்ந்து கிடந்தது. மறுநாளும் அப்படியே. அதன் நிழலில் ஒரு நாய் சுகமாகத் தூங்கியது. அப்பா தள்ளி ஒரு புளியமரத்தடியில் மற்றவர்களோடு உட்கார்ந்திருந்தார். எழுந்துபோய்த் தெருக்குழாயில் இரண்டு கையாலும் தண்ணீர் பிடித்துக் குடித்தார். நிறையக் குடித்தார். அன்றைக்குப் பொழுது சாய வீட்டுக்கு வந்து, "இன்னைக்குக் கஞ்சிக்குச் சுட்ட கருவாடு. அம்புட்டு ருசி" என்றார்.

அம்மாவிடம் குழாயடியில் போய்ச் சொன்னேன். "அண்டா கவுந்து கெடக்கும்மா. அங்க கஞ்சியே ஊத்தலை."

"தெரியும். பேச்சியம்மா சொல்லிட்டா." பேச்சியம்மா அக்காவின் புருஷனுக்கும் அதே மில்தான். "நீ வாயைத் தொறக்காத."

"ஏம்மா?"

"ஆம்பளைக்குச் சம்பளம் போச்சு, சிப்டு போச்சு. இந்த ஒரு பொய்யை வச்சுத்தான் நிமிந்து வீட்டுக்குள்ள வாராரு. அதையும் பிடுங்கச் சொல்றியா?"

அதனால் எல்லாரும் நடித்தோம். அம்மா தினமும் "இன்னைக்கு என்ன ஊத்துனாக?" என்று கேட்பாள். அப்பா சொல்வார். பொய்க்குக் கஞ்சம் எதற்கு என்று நினைத்தாரோ என்னவோ, அப்பாவின் கஞ்சித்தொட்டியில் நாளுக்கு நாள் வகை கூடியது. ஊறுகாய் வந்தது, வடை வந்தது, ஒரு நாள் பாயசம்கூட வந்தது. தம்பிக்கு அங்கே போக வேண்டும் என்று ஒரே அடம். இடையிடையே வளவில் யாராவது கட்டாயப்படுத்தி டீ வாங்கிக் கொடுத்தால் உண்டு. மற்றபடி இரவில் எங்கள் தட்டில் மிஞ்சியது ஒரு வாய், அதுதான் அவர் சாப்பாடு.

மனுஷன் உருகிக்கொண்டே வந்தார். சட்டை ஆணியில் தொங்குகிற மாதிரி உடம்பில் தொங்கியது. ஒரு நாள் சைக்கிளிலிருந்து இறங்கும்போது கால் தள்ளாடி, வளவு வாசல் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே கொஞ்ச நேரம் நின்றார். அம்மா அதைப் பார்த்துவிட்டாள். இனியும் நடித்தால் ஆளே மிஞ்ச மாட்டார் என்ற பயம் அன்றைக்கு அவள் முகத்தில் வந்தது. அப்பா சாக மாட்டார் என்று நான் அதுவரை நினைத்திருந்தேன்.

6

மில்காரர்களுக்குக் கிழமை என்பது சிப்டில் இருக்கிறது. இந்த வாரம் பகல் சிப்டு, அடுத்த வாரம் அரை நைட்டு, வார லீவு இன்ன நாள் என்றுதான் அப்பாவின் தலைக்குள் காலம் ஓடும். மில் மூடியதும் அந்தக் கணக்கு அறுந்துவிட்டது. புளியமரத்தடியில் எல்லா நாளும் ஒரே நாள். அதனால்தான் அந்தத் தவறு நடந்தது.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. நாங்கள் கோயிலில் சிலுவைப்பாதை முடித்து வந்து கூழுக்கு உட்கார்ந்திருந்தோம். அப்பா வந்தார். அம்மா வழக்கம்போலக் கேட்டாள்.

"இன்னைக்கு என்ன ஊத்துனாக?"

"இன்னைக்கா? எலும்புக் குழம்பு. மொளகு தூக்கலாப் போட்டு... நல்லி எலும்பு ஞானம், உறிஞ்சி எடுத்தோம்ல."

கூழ் குடித்துக்கொண்டிருந்த தம்பி அப்படியே நிறுத்திவிட்டான். வாளிச் சால்னாவைப் பறிகொடுத்தவன் அல்லவா? அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஏங்க, இன்னைக்கு என்ன கெழமை?"

அப்பா யோசித்தார். எங்கள் முகத்தைப் பார்த்தார். சுவரில் சிலுவையில் தொங்கும் பாடுபட்ட சுரூபத்துக்கு, வெள்ளிக்கிழமை என்று நான் வைத்திருந்த பூவைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"தபசு காலத்து வெள்ளிக்கெழமை எலும்புக் குழம்பா தின்னீக?" அம்மாவின் குரல் உயரவே இல்லை. "தின்னீகளா, இல்லையா? ஒண்ணைச் சொல்லுங்க."

அம்மா போட்ட கண்ணி அது. இல்லை என்றால் பொய் உடையும், தட்டு வைத்துவிடலாம். பாவத்தை யாராவது வலிய ஒப்புக்கொள்வார்களா என்ற தைரியம் அவளுக்கு. அவளுக்குத் தெரிந்த சவரிமுத்து பூசைக்குத் தவறாதவர், பெரிய வெள்ளியில் வெறும் தண்ணீரோடு இருக்கிறவர்.

அப்பா எச்சிலை விழுங்கினார். "தின்னுட்டேன்" என்றார். "பசி. கெழமை தெரியலை. தின்னுட்டேன்."

கறியைக் கண்ணால் பார்த்து மாதக்கணக்கான மனுஷன், தின்றேன் என்று பாவத்தைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு எங்கள் முன்னால் நின்றார். எங்கள் தட்டிலிருந்து ஒரு பிடி எடுப்பதைவிட நரகத்துக்குப் போவது மேல் என்று முடிவு செய்துவிட்டார் போல.

அம்மா லேசில் விடுகிறவள் இல்லை.

"சரி. தின்னா தின்னதுதான். நாளைக்குச் சனிக்கெழமை, சாமி பாவசங்கீர்த்தனம் கேப்பாரு. போய்ச் சொல்லிட்டு வாங்க."

இப்போதுதான் அப்பாவுக்கு உண்மையிலேயே வியர்த்தது. பொண்டாட்டியிடம் சொல்கிற பொய் வேறு, சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழங்காலில் நின்று சொல்கிற பொய் வேறு.

7

மறுநாள் சாயங்காலம் அம்மா என்னையும் கூட அனுப்பினாள். "கூடப் போ. பாதியில வேற பக்கம் திரும்பிறப் போறாரு."

ஆண்கள் வரிசையில் அப்பா கடைசியாக நின்றார். யாராவது பின்னால் வந்தால், "நீங்க போங்கண்ணே" என்று வழிவிட்டுக்கொண்டே இருந்தார். வேறு ஆளே இல்லை என்றானதும் உள்ளே போனார். நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். வெகு நேரம் ஆனது. கறி தின்றதைச் சொல்ல இவ்வளவு நேரம் ஆகாது என்பது எனக்கே தெரிந்தது. வெளியே வந்தவர் பீடத்துக்கு முன்னால் முழங்காலில் இருந்து செபமாலையை உருட்டினார். அப்புறம் என்னைப் பார்த்து, "வா, பசிக்குது" என்றார். மாதக்கணக்கில் அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை.

வீட்டில் குருணைச் சோறும் முருங்கைக்கீரையும். அம்மா எங்களுக்குப் போட்டுவிட்டு அப்பாவை ஏறிட்டுப் பார்த்தாள். "செஞ்ச பாவத்துக்குச் சாமி என்ன அபராதம் குடுத்தாரு?"

அப்பா சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "இனிமே வீட்டுல சாப்பிடச் சொல்லிட்டாரு. ஆனா ஒண்ணு. நீ சாப்பிட்ட பெறகுதான் நான் சாப்பிடணுமாம். நீ சாப்பிடுறதை என் கண்ணால பாத்த பெறகு."

"என்னது?"

"ஆமா. நீ வாயில வைக்காட்டி நானும் வைக்கக் கூடாதாம்."

"கூறுகெட்ட பேச்சா இருக்கே. ஆம்பளை உக்காந்திருக்கையில பொம்பளை மொதல்ல தின்னுவாளா? கறி தின்னதுக்கா இந்த அபராதம்?"

"சாமிகிட்டயே போய்க் கேளு."

எங்கே போய்க் கேட்பது? பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைச் சாமியார் உயிரே போனாலும் வெளியே சொல்ல மாட்டார். அது அப்பாவுக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். அம்மா முறைத்துக்கொண்டே நின்றாள். அப்பா தட்டைத் தொடாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சோறு ஆறிக்கொண்டிருந்தது. கடைசியில் அம்மா ஒரு தட்டை எடுத்துக் கொஞ்சூண்டு சோறு போட்டுக்கொண்டு, வெட்கப்பட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள்.

"இது பத்தாது" என்றார் அப்பா.

"எனக்கு ருசி பாத்தே..."

"ஞானம். அபராதம்."

அம்மா இன்னும் கொஞ்சம் போட்டுக்கொண்டாள். முதல் வாயை வைத்தவள் மெல்லவில்லை, அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள். அவள் தோள் குலுங்கியதைப் பார்த்துத் தங்கை தவழ்ந்துபோய் அவள் மடியில் ஏறிக்கொண்டது. பிறகு மென்றாள். நன்றாகச் சாப்பிட்டாள். எவ்வளவு பசியோடு இருந்திருக்கிறாள் என்பது அவள் சாப்பிட்ட வேகத்தில்தான் எங்களுக்குத் தெரிந்தது. அவள் தட்டைக் கழுவிய பிறகு அப்பா சாப்பிட்டார்.

உண்மையைச் சொல்ல வேண்டும், அன்றிலிருந்து எங்கள் தட்டில் கொஞ்சம் குறைந்தது. தம்பி முணுமுணுத்தான். அம்மா கஞ்சியில் இன்னும் ஒரு செம்பு தண்ணீர் கூட்டினாள், வாளியை இன்னொரு அளவு பெரிதாக்கினாள். ஆனால் அப்பா சைக்கிளிலிருந்து தள்ளாடாமல் இறங்கினார். திருமங்கலம் ரோட்டில் பஞ்சு பிரிக்கிற ஒரு ஜின்னிங் ஃபாக்டரியில் மூட்டை தூக்கக் கூப்பிட்டபோது போக உடம்பில் தெம்பு இருந்தது. பின்னால் மில்லும் திறந்தார்கள், சங்கும் ஊதியது.

8

சேவியரிடம் வருகிறேன். "சாப்பிட்டு வந்துட்டேம்மா" என்றவனை நான் ஒன்றும் கேட்கவில்லை. வேலை என்ன ஆயிற்று என்றும் கேட்கவில்லை. இரண்டு தட்டு எடுத்து வைத்தேன்.

"எனக்குச் சக்கரை இருக்குல்ல. தனியாச் சாப்பிடக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. கூட ஒரு ஆள் இருக்கணுமாம்."

"அப்படியா? ஏன்?"

"அதெல்லாம் எனக்கு என்ன தெரியும்? இங்கிலீஷ்ல என்னமோ சொன்னாரு."

ஒரு வாய் என்று உட்கார்ந்தான். மீன்குழம்பு. மூன்றாம் முறை சோறு போட்டுக்கொண்டபோது அவனே சொன்னான். தொழிற்சாலையில் ஆட்குறைப்பு, ஜனவரியிலிருந்து வேலை இல்லை. வேலையில்லாதவர்களுக்கான உதவித்தொகைக்கு எழுதிப்போட்டிருக்கிறானாம். போன் பண்ணினால் மணிக்கணக்கில் பாட்டு ஓடுகிறதாம், ஆள் வந்தால் வேறொரு காகிதம் கேட்கிறார்களாம். "உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியலம்மா" என்று தமிழிலேயே சொன்னான். முழு வாக்கியம், ஒரு ஆங்கில வார்த்தை இல்லை. பனி ஓய்கிற வரை இங்கேயே இருந்துவிட்டுப் போ, எனக்கும் டாக்டர் சொன்னது நடக்கும் என்றேன். சரி என்றான்.

டாக்டர் அப்படி எதுவும் சொல்லவில்லை.

9

நான் நர்ஸ் படிப்பு முடித்து முதலில் போனது வளைகுடாவுக்கு. எண்பதுகளில் அங்கிருந்து முதல் லீவுக்கு மதுரை வந்தேன். அதே வளவு, அதே வீடு. மில் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, வீட்டில் அரிசி மூட்டையாக வந்து இறங்கியது. அப்போதும் அம்மா அப்பாவுக்கு முன்னால்தான் சாப்பிட்டாள். வளவே கேலி பேசியதாம். "சாமி நாள் கணக்குச் சொல்லலையே, நானா எப்பிடி நிறுத்துறது?" என்று அம்மா வாயை அடைத்துவிடுவாளாம்.

ஒரு மத்தியானம் அம்மா குழாயடிக்குப் போயிருந்தாள். நானும் அப்பாவும் தனியாக இருந்தோம். எனக்கு நெடுநாள் சந்தேகம், கேட்டேவிட்டேன். "அப்பா, அன்னைக்குச் சாமி நெசமாவே அப்பிடி ஒரு அபராதம் குடுத்தாரா?"

அப்பா வாசல் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "கறி திங்கலை, பொய் சொல்லிட்டேன்னு சொன்னேன். செபமாலையில ஒரு பத்துமணி சொல்லச் சொன்னாரு. அம்புட்டுத்தான்."

"அப்ப மிச்சம்?"

"மிச்சம் நானாப் போட்டுக்கிட்டது. நான் திங்காததை ஒங்கம்மா கண்டுபிடிச்சா. அவ திங்காததை நான் பாத்துக்கிட்டுத்தான இருந்தேன். நான் சொன்னா கேக்க மாட்டா. சாமி சொன்னா கேப்பா."

"பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டு வந்த கையோட பொய்யா!" எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "அதையாச்சும் அப்புறம் சாமிகிட்டச் சொன்னீகளா?"

"அதை எப்பிடிச் சொல்றது?" அப்பா உண்மையாகவே சங்கடத்தோடு என்னைப் பார்த்தார். "சொன்னா, இனிமே இதைச் செய்ய மாட்டேன்னும் சேத்துச் சொல்லணும்ல."

அம்மா குடத்தை இறக்கி வைத்துவிட்டு வந்தாள். யாரையும் கேட்காமல் தட்டை எடுத்துச் சோறு போட்டுக்கொண்டு எங்களைப் பார்த்து உட்கார்ந்தாள். அவள் முதல் வாயை வைத்து விழுங்கும் வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அப்பா கை கழுவ எழுந்துபோனார்.